புழுத் தொட்டிகளில் தூவிய வெள்ளை

1. வியாழன் மாலை நான்கு மணிக்கு, மறுநாள் ஒரு பெரிய அதிகாரி எங்கள் உரக்கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது.
2. அந்த நேரத்தில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்கடைகளின் வாடிய மாலைகளைச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தேன்.
3. இராஜபாளையத்தில், உரக்கூடத்தின் மேற்பார்வையாளரான ஹவில்தார் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைப் பிரித்தார்.
4. வெள்ளி காலை நான் போய்ச் சேர்ந்தபோது, அதிகாரியின் கார் எனக்கு முன்பே வாசலில் நின்றது. நடைபாதையின் இருபுறமும் வெள்ளைக் கோடு.
5. அதிகாரி ஒன்பது நிமிடம் இருந்தார். "ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க" என்றார்.
6. அவர் போன பிறகு முதல் தொட்டியின் ஈரச்சாக்கைத் தூக்கினேன். உள்ளேயும் வெள்ளை. மேலே வந்து கிடந்த மண்புழுக்களில் ஒன்றும் அசையவில்லை.

நிர்வாகக் குழுவுக்கு நான் கொடுத்த அறிக்கை இவ்வளவுதான். மண்ணியல் படித்தவள் எழுதும் அறிக்கையில் கோபத்துக்கு இடம் கிடையாது. ஆனால் இந்த ஆறு வரிகளில் ஹவில்தார் ஒரு முட்டாளாகத் தெரிகிறார். அவர் முட்டாள் அல்ல. முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் அவர். காலை ஆறு மணிக்கு, தேய்த்த சட்டையோடு வந்து நிற்பார். வீடுகளிலிருந்து வரும் காய்கறிக் கழிவு, தென்னை மட்டைத் துணுக்கு, சாணம், பூ என்று எல்லாவற்றையும் நான் சொன்ன அளவில் அடுக்குவார். மாலைகளில் நைலான் நூலும் ஜரிகையும் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றையும் உருவி எடுத்த பிறகுதான் பூவைத் தொட்டிக்கு விடுவார். தொட்டியிலிருந்து தப்பித் தரையில் ஊரும் புழுவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய்த் திரும்ப விடுவதைப் பார்த்திருக்கிறேன். குப்பை பிரிக்கும் தளவாய்புரத்து அக்கா சிரிப்பாள்: "விட்டா அவிய புழுவுக்கும் அட்டென்ஷன் சொல்லிக் குடுப்பாவ."

எழுதி வைத்ததை அவர் மீறமாட்டார். சுவரில் நான் ஒரு பலகை மாட்டியிருந்தேன்: தொட்டியில் போடக்கூடாதவை, மொத்தம் பதினொன்று. உப்பு, எண்ணெய், மிளகாய், எலுமிச்சைத் தோல் என்று போகும். ஒரே ஒரு எலுமிச்சைத் தோலுக்காக ஒரு வாளி கழிவையே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். அந்த வீட்டு அம்மா தெருமுனையில் நின்று கத்தினாள். அவர் பலகையைக் காட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் நானும் கத்தினேன்.

"பெரிய ஆளு வாரார்னா வெள்ளை போடாம எப்படித் தாயி? அதான முறை" என்றார்.

"பாதையில போடுங்க. தொட்டிக்குள்ள எதுக்குப் போட்டீங்க?"

"சாக்கைத் தூக்கிப் பாத்தாருன்னா? அம்புட்டுப் புழுவும் நெளியும். அசிங்கம்னு நெனைச்சிருவாருல்லா."

மூன்று மாதமாக அந்தப் புழுக்களை உள்ளங்கையில் ஏந்திய மனிதர் சொன்னது இது. அதிகாரி எந்தச் சாக்கையும் தூக்கவில்லை என்பதை நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. "உயிருள்ள தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடக்கூடாதுன்னு தெரியாதா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பலகைக்கு முன்னால் கூட்டிப்போனார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். பதினொன்று முடிந்தது. "இதுல எங்க தாயி போட்டிருக்கு?"

போடவில்லை. சாக்கடையோரம் தூவுவதை யாராவது உரத்தில் தூவுவார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஆனால் நான் இந்த ஊரில் பிறந்தவள். பெரிய ஆள் வருகிறார் என்றால் தெருவோரம் வெள்ளையாகும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமைதான் எங்கள் முதல் உரத்தை எடுத்துப்போக வன்னியம்பட்டி விவசாயி வருவதாக இருந்தது. கத்தரி நடவுக்கு நிலத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். முதல் ஆள் வாங்கினால்தான் மற்றவர்கள் வருவார்கள். உரம் நிலத்துக்குப் போவது தெரிந்தால்தான் வீடுகளில் சலிக்காமல் பிரித்துக் கொடுப்பார்கள். மூன்று மாத உழைப்பும் அந்த ஒரு மனிதரின் கையில் இருந்தது.

அவர் வந்தார். பழுது என்று நான் சொல்லுமுன்பே ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"மண்ணு வாசம்லா வரணும்? இது ஆசுபத்திரி வாசம் அடிக்கி. நான் இதைக் கத்தரிக்குப் போடவா, கக்கூசுக்குப் போடவா?"

தளவாய்புரத்து அக்கா சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இன்னும் மூன்று மாதம் பொறுக்கச் சொன்னேன். "நடவு பொறுக்காதும்மா" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு போனார்.

அன்று பிற்பகல் முழுவதும் ஹவில்தார் ஆறு தொட்டிகளையும் கையாலேயே கிளறினார். பவுடர் இறங்காத அடிமூலைகளில் உயிரோடு இருந்தவற்றைப் பொறுக்கி, ஒரு சிரட்டையில் சாணத்தோடு வைத்தார். நான் உதவவில்லை. மேசையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். எழுதி முடித்ததும், பலகையில் பிளீச்சிங் பவுடர் இல்லை என்ற வரியைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை.

அறிக்கையைக் குழு படிப்பதற்கு முன்பே அதிகாரியிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்துவிட்டது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். என் அறிக்கை கோப்புக்குள் போனது. அடுத்த மாதமே ஹவில்தார் தானாக வேலையை விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அவரிடம் கேட்கவில்லை.

இன்று உரக்கூடம் திறந்துதான் இருக்கிறது. ஆறு தொட்டிகளில் இரண்டில் மட்டும் புழு உண்டு. அவர் சிரட்டையில் எடுத்து வைத்தவற்றின் பெருக்கம் அது. மற்ற நான்கும் காலி. வன்னியம்பட்டி விவசாயி திரும்ப வரவில்லை. பெரும்பாலான வீடுகள் பிரித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டன. அந்தக் குப்பையெல்லாம் ஊர்க் கிடங்குக்குப் போகிறது.