பூக்கடை டாக்டரம்மா

கேட்ட பூவை டாக்டரம்மா கேட்டவுடன் எடுத்துக் கொடுத்ததே இல்லை. "யாருக்கு? எந்த ரூம்ல வைப்பாங்க? மேசை உசரமா, குட்டையா? தண்ணி மாத்துறது யாரு?" நாக்கை நீட்டச் சொல்லாததுதான் பாக்கி. பதில் வரும்வரை கையிலுள்ள சின்னக் கத்தி ரோஜாத் தண்டின் முள்ளைச் சீவிக்கொண்டே இருக்கும். ஒரு கொத்து வாங்க வந்தவர்கள் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிட்டுப் போவது அங்கே சகஜம். 'டாக்டரம்மா' என்பது தெருவே சேர்ந்து சூட்டிய பட்டம். "எட்டாவதோட நின்னவளுக்கு ஊரே டாக்டர் பட்டம் கொடுத்திருச்சு. படிச்சவங்க பாவம், இன்னும் பரீட்சை எழுதிட்டிருக்காங்க" என்பார்.

கடை, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். தரையெல்லாம் ஈரமும் வாளிகளும். கத்தரிக்கோலை ரிப்பனால் மேசைக் காலோடு கட்டிவைத்திருக்கிறார். இல்லையென்றால் அதற்குக் கால் முளைத்துவிடுமாம். சுவரில், எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று அச்சடித்த பட்டியல் தொங்குகிறது. அதில் பாதியை அவரே பென்சிலால் அடித்துத் திருத்தியிருக்கிறார். லில்லிக்கு நேரே 'தூய்மை' போய், 'மாமியார் வருகை'. வெள்ளை ரோஜாவுக்கு 'அமைதி' போய், 'மறந்துபோன கல்யாண நாள்'. கேட்டால், "அச்சடிச்சவன் பூவைப் பார்த்தான். நான் வாங்குறவங்க மூஞ்சியைப் பார்க்கிறேன்" என்று பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொள்வார்.

அன்று காலை பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். எதிர்வரிசையில் நாலு கடை தள்ளி அவருடைய தங்கை தையல்கடை திறக்கிறாள்.

"ஆளுயரத்துக்குச் சிவப்பு ரோஜா வேணும்க்கா. வர்றவங்க வாயைப் பிளக்கணும்."

"அவங்க பிளக்கிறது இருக்கட்டும் தம்பி. தங்கச்சி உங்ககிட்ட வாயைத் திறக்குறாங்களா?"

டிரைவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பேச்சு நின்று இரண்டு வருடம். வேலையை விட்டுக் கடை போடுகிறேன் என்று தங்கை சொன்ன அன்று, "பொத்தான் தைக்கத் தெரிஞ்சா கடை வெச்சிரலாமா? மூணு மாசம் தாங்காது" என்று வீட்டார் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். இன்று திறப்பு என்பதே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

"இதையும் தூக்கி வெளியே போட்டுட்டான்னா, அதோட முடிஞ்சுதுக்கா."

டாக்டரம்மா ரோஜா வாளியைக் காலால் ஓரம் தள்ளினார். "ஆளுயரத்துக்கு வெச்சா கடை தங்கச்சியோடதா, அண்ணனோடதான்னு சந்தேகம் வந்துரும். துணி வெட்டுற மேசையில ஒரு மூலை போதும். சின்ன வயசுல அவங்களுக்குப் பூன்னா எது?"

டிரைவர் யோசித்தார். "சூரியகாந்தி. பழைய பெயிண்ட் டப்பாவுல ஒண்ணே ஒண்ணு வளர்த்தா. நான்தான் பந்தை உதைச்சு அதோட கழுத்தை ஒடிச்சேன்."

"அழுதாங்களா?"

"எங்க அழுதா! என் பென்சிலைப் பிடுங்கித் தண்டுக்கு முட்டுக் கொடுத்து, நூலைச் சுத்திக் கட்டுனா. அது பாட்டுக்குப் பூத்துச்சு."

"அப்பவே தையக்காரிதான்" என்றார் டாக்டரம்மா.

குட்டைச் சாடியில் ஒற்றைச் சூரியகாந்தி நின்றது. சுற்றிலும் இலை மட்டும். கொண்டைப் பென்சிலை உருவித் தண்டோடு சேர்த்து, சிவப்பு நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினார்.

"அட்டையில மன்னிச்சுக்கோன்னு எழுதவா?" என்றார் டிரைவர்.

"ஒண்ணும் வேணாம். அன்னைக்குப் பேசினவரைக்கும் போதும்."

"நீங்களே யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பிட்டா..."

"நோய் உங்களுக்கு, மருந்து அடுத்தவனுக்கா? நடங்க!"

அவர் போனதும் டாக்டரம்மா துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தார். பெருக்கிய இடத்தையே பெருக்கினார். எதிரே, கழுத்தில் அளவு நாடா தொங்க, தங்கை வெளியே வந்தாள். சாடியை வாங்கினாள். பூவைப் பார்க்கவில்லை; தண்டைப் பார்த்தாள். விரலால் நூலைத் தடவினாள். பிறகு சாடியோடு உள்ளே போய்விட்டாள். டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்ட பயணியைப்போல டிரைவர் தெருவிலேயே நின்றார்.

"போச்சுடா" என்று துடைப்பத்தை நிறுத்தினார் டாக்டரம்மா.

தங்கை வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அண்ணனின் காலரைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, நாடாவைத் தோளில் வைத்தாள். அது முழங்கையில் நிற்கவில்லை. மணிக்கட்டு வரை போனது.

டாக்டரம்மா உள்ளே வந்தார். கை தானாகக் கொண்டைக்குப் போனது, பென்சில் இல்லை. கத்தி முனையால் சூரியகாந்திக்கு நேரே இருந்த 'விசுவாச'த்தைக் கீறிவிட்டு, பக்கத்தில் 'முழுக்கைச் சட்டை' என்று எழுதினார்.