கதவில் சாய்த்த துடைப்பம்

அம்மாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை கம்பளம் துவைத்தது. பழந்துணிக் கீற்றுகளில் நெய்த நீளக் கம்பளங்கள். ஜூலை பிறந்தால் சைமா ஏரிக்கரையில் எல்லா வீட்டிலும் அதே வேலைதான். மகள் விர்வே பிரஷ்ஷால் தேய்த்தாள். லெம்பி வாளியால் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றியபடியே, கரையோரக் குடிலில் வாடகைக்குத் தங்கியிருந்த செக் நாட்டுக்காரன் ராதிமை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாரு, மறுபடியும் சிரிக்கிறான்.”

“காலையில ஆளைப் பாத்தா சிரிக்க மாட்டாங்களாம்மா?”

“எதுக்குச் சிரிக்கணும்? நான் என்ன ஜோக்கா சொன்னேன்? பின்லாந்துல லட்சத்துக்கு மேல ஏரி கெடக்கு. வருஷா வருஷம் இவனுக்கு என் ஏரிதான் கெடைச்சுதா? போன தடவை கக்கூஸைப் போட்டோ எடுத்தான்டி!”

“மரத்துல கட்டினது. அழகா இருக்குன்னு எடுத்திருப்பான்.”

“அழகாம்! எதையோ நோட்டம் பாக்க வரான். நீ ஓரத்தை நல்லாத் தேய்.”

அந்த மாதம் முடிவதற்குள் லெம்பி இறந்துபோனாள். அடுப்படியில் விழுந்து கிடந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. விழுந்ததும் உயிர் போயிருக்காது, மறுநாள் வரை இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். உடனே யாராவது பார்த்திருந்தால்? “சொல்ல முடியாது” என்றார். விர்வேயால் அந்தப் பதிலைத் தாண்டிப் போக முடியவில்லை.

அவளுக்கு வேறு ஊரில் ரயில்வே வேலை. சிக்னல் ஏன் பழுதானது என்று கண்டுபிடிப்பவள். சிக்னல் தானாகக் கெடுவது அபூர்வம் என்பது அவள் அனுபவம். யாரோ தொட்டிருப்பார்கள். அல்லது தொடவேண்டியவர் தொடாமல் விட்டிருப்பார். நான் தொடவே இல்லை என்று முதலில் சொல்பவரைத்தான் அவள் முதலில் விசாரிப்பாள்.

ஈமச்சடங்கு முடிந்த மறுநாள் முன்வாசலில் நின்று யோசித்தாள். அம்மாவைக் கண்டெடுத்தபோது இந்தக் கதவில் துடைப்பம் சாய்த்து வைத்திருந்ததாம். அந்த ஊர்ப்பக்கம் கதவுக்குக் குறுக்கே துடைப்பம் நின்றால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். யாரும் தட்ட மாட்டார்கள், பூட்டும் வேண்டாம். ஆனால் ஆள் உள்ளே கிடந்திருக்கிறாள். உள்ளே இருப்பவளால் வெளியே துடைப்பம் சாய்க்க முடியாது. அப்படியானால் சாய்த்தது யார்?

ராதிம் ஒருநாள் முன்னதாகவே குடிலைக் காலிசெய்து போயிருந்தான். அம்மா விழுந்ததற்கு மறுநாள் காலையில்.

பக்கத்து மனைக்காரர் அர்மாஸ் வலை பின்னும் ஊசியோடு தன் படகுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். மனைவி போனபின் தனியாக இருக்கும் மனிதர். அம்மா விழுந்து கிடந்ததை முதலில் பார்த்ததும் அவர்தான்.

“அர்மாஸ் மாமா, அந்த ஆளு கிளம்பினதைப் பாத்தீங்களா?”

“பாத்திருக்கலாம். பாக்காமலும் இருந்திருக்கலாம்.”

“மாமா, நேராப் பதில் சொல்லுங்க.”

“நேராச் சொன்னா அப்புறம் நான்ல பொறுப்பு? காலையில ஒருத்தன் உங்க படகுத்துறையில நின்னான். மிதவைச் சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு. ரொம்ப நேரம் வீட்டையே பாத்துக்கிட்டு நின்னான். அவ்வளவுதான்.”

“வீட்டுக்குள்ள போனானா?”

“அடுத்த வீட்டை உத்துப் பாக்கறது என் பழக்கமில்ல” என்றார் அர்மாஸ். அவர் ஜன்னல் நேராக லெம்பியின் வாசலைப் பார்த்திருந்தது.

விர்வேயின் மனதில் சந்தேகம் கெட்டிப்பட்டது. நோட்டம் பாக்க வரான் என்று அம்மா சொன்னாளே.

அம்மா எல்லோரையும்தான் சந்தேகப்பட்டாள். முப்பது வருஷம் தபால் படகு ஓட்டியவள். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் தபால் பையோடு பனிக்கட்டி மேல் நடந்தே தீவுகளுக்குப் போவாள். இரும்புக் கம்பியால் முன்னே குத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. மனிதர்களிடமும் அப்படித்தான். யாருக்கு எங்கிருந்து தபால் வருகிறது என்று கரை முழுக்க அவளுக்குத் தெரியும். ஒரு சொல் வெளியே விட்டதில்லை. தனக்குத் தெரிந்த அளவுக்கு மற்றவர்களுக்கும் தன்னைப் பற்றித் தெரிந்திருக்குமோ என்ற பயம் மட்டும் அவளோடு தங்கிவிட்டது. ஓய்வு பெற்றபின் குடிலை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டாள். அவர்கள் வந்தால் ஏலக்காய் பன் சுட்டுக் கொடுப்பாள். போனதும் கரண்டிகளை எண்ணுவாள். ஒன்றும் குறைந்ததில்லை. அதற்காக எண்ணுவதை விட்டதுமில்லை.

விர்வே ராதிமுக்குப் போன் செய்தாள். அவன் உடைந்த ஃபின்னிஷில் பேசினான். அம்மா இறந்த செய்தி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“ஏன் ஒருநாள் முன்னாடியே போனீங்க?” என்றாள் விர்வே.

“லெம்பிக்கு என்மேல கோபம்னு நினைச்சேன். முந்தின சாயந்தரம் அவங்களே குடிலுக்கு வந்தாங்க. ‘இப்பத்தான் வலை போட்டுட்டு வரேன். நாளைக்குக் காலையில தூக்கப் போறேன், நீயும் வா’ன்னாங்க. இத்தனை வருஷத்துல முதல் தடவை. ‘பேசக் கூடாது. முக்கியமா சிரிக்கக் கூடாது’ன்னாங்க. அதுக்கும் நான் சிரிச்சிட்டேன்.”

“அப்புறம்?”

“காலையில துறையில காத்திருந்தேன். அவங்க வரல. வாசல்ல துடைப்பம் இருந்துச்சு. சரி, மனசு மாறிட்டாங்கன்னு கிளம்பிட்டேன்.”

“வெளியே போயிட்டாங்கன்னு நினைக்கலையா?”

“இல்லையே, உள்ளதான் இருப்பாங்க. தினமும் அப்படித்தானே? துடைப்பத்தைச் சாய்ப்பாங்க. ரெண்டு பக்கமும் பாப்பாங்க. அப்புறம் வீட்டைச் சுத்திக்கிட்டு ஏரிப்பக்கக் கதவு வழியா உள்ள போவாங்க. சொந்த வீட்டுக்கே திருடன் மாதிரி. குடில்ல இருந்து பாத்தா தெரியும். ஆனா துடைப்பம் இருந்தா தட்டக் கூடாது. அவங்கதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க.”

விர்வே ஏரிப்பக்கக் கதவுக்குப் போனாள். அம்மாவின் ரப்பர் பூட்ஸ் அங்கேதான் இருந்தது. முன்வாசலில் அம்மாவின் செருப்பு ஒன்றுகூட இல்லை. ஆரம்பத்திலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம். ஒரு சிக்னல் பழுதில் இப்படி விட்டிருந்தால் மேலதிகாரி காய்ச்சி எடுத்திருப்பார்.

அர்மாஸின் கொட்டகைக்குத் திரும்பிப் போனாள்.

“துடைப்பத்தை வெச்சது அம்மாதான். அவங்க உள்ள இருக்காங்கன்னு உங்களுக்கும் தெரியும்.”

அர்மாஸ் ஊசியைக் கீழே வைத்தார். “அவ உள்ள இருந்தா என்ன, இல்லேன்னா என்ன? ஆள் இல்லேன்னு சொல்றா. அதை மதிக்கணும்ல?”

“எத்தனை வருஷமா?”

“அவ தபால் வேலையை விட்டதுல இருந்தே. நானும் அப்பப்ப சாய்ச்சு வெப்பேன். நான் உள்ள இருக்கேன்னு அவளுக்கும் தெரியும்.” ஊசியை மறுபடி கையில் எடுத்தார். “மூணாம் நாள் மழை வந்துச்சு. கொடியில போர்வை நனைஞ்சுது. லெம்பி போர்வையை நனைய விடுற ஆளில்ல. அப்புறந்தான் ஏரிப்பக்கம் போய் எட்டிப் பாத்தேன். அதுக்கே கை கூசுச்சு, பொண்ணே.”

விர்வே படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். இத்தனை நாளாகச் சேர்த்து வைத்த கோபத்தை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆள் இல்லை. ஆளுக்கு ஆள் மரியாதையாக இருந்திருக்கிறார்கள். அவள் அழுதாள். அர்மாஸ் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அழுது முடித்ததும் ராதிம் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது.

“மாமா, அம்மா அன்னைக்குச் சாயந்தரம் வலை போட்டிருக்காங்க.”

அர்மாஸ் சட்டென்று திரும்பினார். “தூக்கலையா?”

“யாரு தூக்கியிருப்பா?”

“கடவுளே! இந்த வெயில்லயா! மீனெல்லாம் அழுகியிருக்குமே!”

“எங்க போடுவாங்க?”

“அது அவ விஷயம். எனக்கெப்படித் தெரியும்?” தொப்பியைக் கழற்றி மாட்டினார். “நாணல் திட்டைத் தாண்டி, ரெட்டைப் பாறைக்கு முன்னால. அங்க சட்டுனு ஆழம் எறங்கும். நான் பாத்ததில்ல.”

இருவரும் அம்மாவின் துடுப்புப் படகில் போனார்கள். விர்வே துடுப்புப் போட்டாள். ரெட்டைப் பாறையில் கடற்காகங்கள் உட்கார்ந்திருந்தன. பாறைக்கு முன்னால் வலைக்கு அடையாள மிதவையாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் மிதந்தது. அதில் கறுப்பு பெயின்ட்டில் அம்மாவின் பெயர். கேனின் அடிவயிறு பாசி பிடித்து வழுவழுப்பாக இருந்தது. நாற்றம் லேசாக மேலே வந்தது.

“நீங்க பிடிக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

“உங்க வீட்டு வலை. நான் தொடக் கூடாது” என்றார் அர்மாஸ். பிறகு படகு ஆடாமலிருக்க எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

விர்வே துடுப்புகளை உள்ளே இழுத்துப் போட்டாள். மிதவையின் அடியிலிருந்து கயிறு நேராகக் கீழே இறங்கியது, வலை இருந்த ஆழத்துக்கு.