கிராஞ்சிச் சேற்றில் ஒரு மீன்

நாங்கள் சிங்கப்பூரின் மார்சிலிங்கில் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த வருஷம். நடக்கிற மீன் ஒன்று உண்டென்று பள்ளியில் டீச்சர் சொன்னதை நான் வீட்டில் வந்து சொன்னேன். யாரும் நம்பவில்லை. எங்களோடு இருந்த தாய்மாமா மட்டும், கிராஞ்சிச் சதுப்பில் அது நிறையக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிடித்துத் தருகிறேன் என்றார். பக்கத்துக் கடைக்குக்கூட என்னைக் கூட்டிப்போகாத மனிதர். தன் தம்பிக்கு என்மேல் திடீரென்று வந்த பாசத்தில் அம்மா பூரித்துப்போனார்.

கடல்நீர் வடிந்த சேற்றில் அவை மெய்யாகவே நடந்தன. தலைக்கு மேல் துருத்திய கண்களோடு, முன்துடுப்புகளை ஊன்றி ஊன்றி வந்து, அலையாத்தி மரத்தின் வேரில் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் என் மானமே போய்விடும் போலிருந்தது.

மாமாவின் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த ஓர் அக்காவும் அங்கே தற்செயலாக வந்திருந்தார். தற்செயலாக வந்தவர் மூன்று பேருக்கும் கறிபஃப் கொண்டுவந்திருந்தார். அவர் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், நாங்கள் கத்தோலிக்கர்கள். இவர்கள் சந்திப்பது தெரிந்தால் இரண்டு வீட்டிலும் ரகளைதான். அதையெல்லாம் என்னிடம் யார் சொன்னார்கள்?

கம்பம் என்கிற பழைய கிராமத்துக் குடியிருப்பில் வெறுங்கையால் நண்டு பிடித்து வளர்ந்த மாமாவுக்கு இந்த மீன் மட்டும் அகப்படவே இல்லை. கிட்டே போவார், செருமுவார், அது தாவிப் போய்விடும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். அடுத்த வாரமும் அக்கா தற்செயலாக வருவார். இப்படியே பல ஞாயிறுகள் போயின. எனக்கோ எரிச்சலான எரிச்சல்.

ஒருநாள் இருவரும் பேச்சில் மூழ்கியிருந்தபோது, வேரோடு வேராகப் பதுங்கியிருந்து, பால்மாவு டின்னால் நானே ஒன்றை அமுக்கிவிட்டேன். இடுப்பு வரை சேற்றோடு ஓடிவந்து நீட்டினேன்.

"மாமா, கிடைச்சிடுச்சு. இனிமே நாம இங்க வரவே வேணாம்."

மாமாவின் முகம் தொங்கிப்போனது. நல்ல பிடி என்று முனகிவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா டின்னை வாங்கி, உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

"பாவம் லா, தனியா இருந்தா ஏங்கிப்போயிடும்" என்றார். "இப்ப விட்டுடுவோம். அடுத்த வாரம் வந்து ஜோடியாப் பிடிக்கலாம்."

மாமா தலையைப் பலமாக ஆட்டினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மீனைச் சேற்றில் விட்டுவிட்டு, மிச்சமிருந்த கறிபஃப்பையும் நானே தின்றேன். அந்த அக்கா எனக்கு அத்தையாகி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும்கூட, அன்று அவர் காட்டிய இரக்கம் முழுவதும் அந்த மீனின் மேல்தான் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.