செபநாயகத்தின் தொண்டையும் வேலி முள்ளும்

குருநகர்க் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற செபநாயகத்துக்குக் கடவுள் ஒலிபெருக்கியைத் தொண்டைக்குள்ளேயே வைத்துப் படைத்துவிட்டார். காலையில் மீன் விற்பார். அந்தோனியார் கோயில் திருநாள் வந்தால் கூத்தில் அரசனாக நின்று பாடுவார். இந்த வருடம் திருநாள் நெருங்க, அந்தத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஞாயிறு ஒத்திகையில் குரல் எழும்பாவிட்டால் அரசன் வேடம் வேறொருவருக்கு என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சொல்லிவிட்டார். மனுசனுக்குச் சோறே இறங்கவில்லை.

“தூதுவளை ரசம் வைச்சுத் தாறன். சந்தையிலை இல்லை, எங்கையாவது பிடுங்கிக்கொண்டு வாங்கோ,” என்றாள் மனைவி றெஜினா. “முள்ளுச் செடி. கத்தரி மாதிரி ஊதாப் பூ பூக்கும்.”

றெஜினா இளவாலைத் தோட்டக்காரரின் மகள். செபநாயகமோ எந்த மீனையும் வாலைப் பார்த்தே சொல்லுவார். கரையில் முளைப்பதெல்லாம் அவருக்குப் புல். ஆனாலும் ஊதாப் பூவும் முள்ளுமாக ஒன்றை வேரோடு பிடுங்கி வந்து பெருமையாக நீட்டினார்.

“உது கண்டங்கத்தரி. நிலத்திலை படருறது. முள்ளு ஊசி மாதிரி நேர நிக்குது, பாருங்கோ. தூதுவளை வேலியிலை ஏறும். அதின்ரை முள்ளு வளைஞ்சிருக்கும்.”

மறுநாள் சைக்கிளில் உரும்பிராய்ப் பக்கம் போனார். ஒரு வேலியில் ஊதாப் பூ தெரிந்தது. கையை விட்டார். இலை அகப்பட்டது, கை திரும்பி வரவில்லை. முள் சட்டையைக் கொளுவிக்கொண்டு, இழுக்க இழுக்க இறுகியது. தூண்டில் போலவே வளைந்த முள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“ஆரது வேலிக்கை?” என்று வீட்டுக்காரி குணலட்சுமி விளக்குமாற்றோடு வந்தாள்.

ஊரையே எழுப்புகிற மனிதருக்கு, நான் கள்ளனில்லை என்று சொல்லக் குரல் இல்லை. இலையைக் காட்டினார், தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“தூதுவளைக்கோ? வாய் திறந்து கேட்டால் தரமாட்டனே?”

கேட்க முடிந்தால் அவர் ஏன் அங்கே வரப்போகிறார்? பிறகு அவள் விசயத்தை விளங்கிக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தபடியே சட்டையை விடுவித்து, ஒரு பை நிறைய இலையும் பறித்துக் கொடுத்தாள்.

ரசமோ, வாயை மூடிக்கொண்டு கிடந்ததோ, அந்தோனியாரோ, யாருடைய வேலை என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு ஒத்திகையில் முதலடி கரகரத்தது. அண்ணாவியார் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாம் அடியில் தொண்டை திறந்தது. உச்சத்துக்குப் போனபோது தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள். அண்ணாவியார் எழும்பி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

வாசலில் நின்ற றெஜினா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“வீடு எவ்வளவு நிம்மதியா இருந்தது,” என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். “நானே அவிச்சுக் குடுத்துக் கெடுத்துப்போட்டன்.”