பால் வடியாத மஞ்சள் பூ

மருந்தெண்ணெய்க் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அடுப்பில் தேங்காயெண்ணெய்த் தாச்சி ஏறியிருந்தது. அதில் சேர்க்க வேண்டிய இலைதான் இல்லை. கல்முனையில் இருந்த அந்தக் கடைக்கு வழக்கமாக இலை கொண்டு வரும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"பொற்றலைக் கையாந்தகரை வேணும். மஞ்சள் பூ பூக்குமாம், தரையில படருமாம். லுஹர் தொழுகைக்கு முந்திக் கொண்டு வந்தா நாளைக்கும் வேலை இரிக்கி" என்றார் முதலாளி.

கல்லோயா அணைத் தண்ணீர் வயல்களுக்கு வரத் தொடங்கிய காலம் அது. எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். பெண்ணின் உம்மா ஒரே சொல்லில் முடித்திருந்தார்: "தொழில் இல்லாத மாப்பிளைக்கு என்ட மகள்ர ஊட்டுல இடமில்ல."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு கதைக்கவும் கூச்சம். இலை எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்காமல் சைக்கிளை எடுத்தேன்.

சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் மஞ்சள் பூ நிறையக் கிடந்தது. தரையில் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. சாக்கு நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

முதலாளி ஒரு தண்டை ஒடித்தார். வெள்ளைப் பால் வடிந்தது.

"என்ன மகன், எண்ணெய்க்கு இலை கேட்டா பால்மாட்டைக் கொண்டு வந்திரிக்காய்!"

தாச்சியைத் துழாவிக்கொண்டிருந்த வேலையாள் அகப்பையை விட்டுவிட்டுச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். எங்கள் கடைக்குப் பூவையும் தண்டையும் களைந்து வெறும் இலையாகத்தான் கொண்டு வருவார்கள். அந்தச் செடி மண்ணில் நிற்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இலை எண்டா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவன். பூவோட கண்டதில்ல மகன்" என்று பழைய கூடையின் அடியிலிருந்து வாடிய இலை ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். தொட்டால் சொரசொரத்தது. "வயல் பக்கம் போய்ப் பாரு. பால் வந்தா தொடாத."

காரைதீவு வயல் வரம்பில் இரண்டு பெண்கள் கீரை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் பக்கம் பார்க்காமல், ஒவ்வொரு செடியோடும் கையிலிருந்த இலையை ஒத்துப் பார்த்தேன்.

"காக்கா, ஆரைத் தேடுறீங்க?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள் ஒருத்தி. "பொண்ணு பாக்க வந்த ஆள் மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே!"

"சும்மா இரு புள்ள, அவர் வெக்கப்படுறார்" என்றாள் மற்றவள்.

என் வாய் எப்படித் திறந்ததோ தெரியாது. "இந்த இலை கிடைக்காட்டி எனக்குக் கலியாணமே இல்ல" என்றேன்.

இரண்டு பேரும் வரம்பிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். நான் எண்ணெய்க் கதையையும் மாமியாகப் போகிறவரின் கதையையும் சொல்லி முடித்தேன். முதலில் பேசியவள் இலையை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"அட காக்கா, அதுக்கு மேலதானே நிக்கிறீங்க!"

குனிந்தேன். சோடி சோடியாகச் சொரசொரத்த இலைகள். சூரியகாந்தியைச் சட்டைப் பொத்தானளவுக்குச் சுருக்கியது போல நடுவட்டம் வைத்த மஞ்சள் பூ. தண்டை ஒடித்தேன். பால் இல்லை.

கீரைக் கூடையை வைத்துவிட்டு அவர்களும் பிடுங்கினார்கள். சாக்கு நிறைந்ததும், "மாப்பிளைக்கு ஒரு குரவை போடுவமா?" என்று ஒருத்தி கேட்டாள். நட்ட நடு வயலில் இருவரும் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள். தூரத்தில் உழுதுகொண்டிருந்தவர் எருமைகளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் சைக்கிளில் பறந்தேன்.

கடைக்கு வந்தபோது இன்னும் லுஹர் பாங்கு சொல்லவில்லை. முதலாளி உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு சாக்குக்குள் கையை விட்டார். ஓர் இலையைத் தடவினார். முகம் மலர்ந்தது. பிறகு பூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொப்பி ஓரத்தில் செருகிக்கொண்டார்.

"நாளைக்கு வெள்ளன வா மகன்."

அடுத்த பெருநாளுக்கு முன் நான் மாமி வீட்டு மாப்பிள்ளை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமார் பூவின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தண்டை ஒடியுங்கள், இலையைத் தடவுங்கள். அப்போதும் பிடிபடாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத்தான் காட்டித் தருவார்கள்.