தம்பியை மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போய் வாழ்வான். வீடு பெண்ணுக்குச் சீதனமாக வரும். கலியாணம் ஆகாத ஆண் அம்மா வீட்டில் இருப்பான், அம்மாவுக்குப் பிறகு அக்கா வீட்டில் இருப்பான். சின்ன வயதிலிருந்தே பார்த்த வழக்கம் என்பதால் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. தம்பி சிறையில், எங்கள் பேச்சில் மறியலில், இருந்து வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். மறியலுக்குப் போனவனுக்கு யார் பெண்ணும் வீடும் தருவார்கள்?

ஆரையம்பதியில் நான் இருக்கும் வீட்டின் சுவர்களை எழுப்பியவன் அவன்தான். மேசன் வேலை பழகியவன். வேலை இல்லாத நாட்களில் வாவியில் வலை கட்டுவான். வலை கட்டும் இடத்தைப் பற்றி ஒரு நாள் வந்த சண்டையில், பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒருவரைத் துடுப்பால் அடித்துவிட்டான். அவருக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. கடுங்காயம் விளைவித்த குற்றம் என்று நீதிமன்றத்தில் தீர்ப்பானது.

மறியல் காலம் ஒருவழியாக முடிந்தது. மற்றவை முடியவில்லை. வெளிநாடு போக பொலிஸ் றிப்போட் எடுத்தான். அதில் வழக்கு இருந்ததால் ஏஜென்சிக்காரர் பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்தார். காவல் வேலைக்குக் கேட்டுப் பார்த்தான், சிரித்தார்கள். ஊரில் ஒரு தண்ணி மோட்டார் காணாமல் போனாலும் பொலிஸ் முதலில் வந்து நிற்பது எங்கள் வீட்டு வாசல் படலையில்தான்.

எனக்குப் பிள்ளை பிறந்து, பிரசவ லீவு முடிந்து, திரும்பப் படிப்பிக்கப் போக வேண்டி வந்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மா இல்லை. கணவருக்குக் கொழும்பில் வேலை. "நான் பாக்கிறன் அக்கா," என்றான் தம்பி. மேசன் வேலையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டான். நான் ஒவ்வொரு இடைவேளைக்கும் போன் எடுப்பேன். நித்திரையா, கஞ்சி குடிச்சாளா, காய்ச்சல் ஏதும் இரிக்கா?

"அக்கா, நீங்க அங்க படிப்பிக்கிறீங்களா, என்னோட கதைக்கிறீங்களா? புள்ளைய எழுப்புறதே உங்கட போன்தான்."

அவன் ஆண்பிள்ளை என்பதால் பயந்தேனா, ஒருவரை அடித்தவன் என்பதால் பயந்தேனா? இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. பிள்ளையின் நகம் வெட்டுவதும், பேதி என்றால் இரவெல்லாம் தோளில் போட்டு நடப்பதும் அவன்தான். அது மட்டும் தெளிவு.

வாவிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், உன்னிச்சையில் ஒரு வீட்டுக்குச் சுவர் பூசப் போன இடத்தில் அவனைப் பிடித்துப்போய், அந்த வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தயிர்ச் சட்டியோடு வந்தார்கள். அந்த அக்காவின் மகளுக்குத் தம்பியை மாப்பிள்ளை கேட்டு.

குசினியில் தேத்தண்ணி போடும்போது தம்பி என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"இவங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது போல. முதல்ல தேத்தண்ணியக் குடிக்கட்டும். மறுகா நான் பக்குவமாச் சொல்றன்."

எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒரு வசனம் கட்டினேன், அழித்தேன், திரும்பக் கட்டினேன். தட்டத்தோடு விறாந்தைக்கு வருவதற்குள், பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே அவன் சொல்லிவிட்டான்.

"மாமி, நான் மறியல்ல இருந்தனான்."

தட்டத்தை நீட்டினேன். அந்த அம்மா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"தெரியாமலா மனே பாலம் கடந்து வந்தம்?"

"எங்கட ஊட்டுச் சுவர் பூசக்குள்ளயே விசாரிச்சிட்டம்," என்றார் வீட்டுக்காரர். "நீ சீமெந்து குழைக்கிற பதத்த விசாரிக்கப் போனவன் நான். இது சும்மா கிடைச்ச கதை."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "அடிபட்ட ஆள் இப்ப எப்பிடி?"

"ஒரு காது கேக்காது மாமி."

"உன்னோட கதைப்பாரா?"

"இல்ல. அவரக் கண்டா நான் சைக்கிளால இறங்கி நடப்பன்."

"அதுக்கு அவர்?"

"ஒண்டும் சொல்லமாட்டார். பாக்காமப் போயிருவார்."

"மறுகா நீ?"

"மறுகா ஏறி வருவன்."

அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். ரயரில் காற்று இல்லை என்று நினைத்திருந்தேன்.

"இப்பவும் கோபம் வாறதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"வரும் மாமி."

"என்ட மகளுக்கும் வரும்."

"இவனுக்கு வாறதெல்லாம் கோபமா?" என்றார் வீட்டுக்காரர். "அவளுக்கிட்ட இவன் தப்பினாப் பாப்பம்!"

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நாங்க இவனக் கொண்டு போனா இந்தப் புள்ளைய ஆர் பாக்கிற, மகள்?"

அவர்கள் படலையைத் திறந்ததிலிருந்து நான் மறைத்து வைத்திருந்த நினைப்பு அது. மறியல் கதையைக் கேட்டு அவர்கள் எழும்பிப் போய்விட்டால் தம்பி எனக்கு மிஞ்சுவான் என்ற ஒரு சின்ன எண்ணம் உள்ளே இருந்தது. அது இல்லை என்று சொல்ல முடியாது.

"சமாளிப்பன் மாமி."

"சமாளிப்பன் எண்டா எப்பிடி?" என்று கேட்டுவிட்டு அவரே வழியும் சொன்னார். "புள்ள நேசரிக்குப் போகுமட்டும் ரெண்டு பேரும் இஞ்சயே இரிக்கட்டும். மறுகா அங்க வரட்டும்."

சீதன வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு மகளை மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்கு அனுப்ப எங்கள் பக்கத்தில் எந்தத் தாய் சம்மதிப்பாள்? முன்பின் அறியாத எனக்காக அவர் அதைச் சொன்னார். ஓம் என்று சொல்ல வாய் வந்தது. தம்பி பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. நான் என்ன சொன்னாலும் அவன் கேட்பான் என்பது எனக்குத் தெரியும்.

"வேணாம் மாமி," என்றேன். "கலியாணத்தண்டே அவன் அவன்ட ஊட்டுக்கு வரட்டும்."

அவசரப்பட்டுவிட்டேனோ என்று அந்தக் கிழமை முழுக்க நினைத்தேன். கலியாணம் முடிந்து தம்பி உன்னிச்சைக்குப் போய்விட்டான். பிள்ளை இப்போது பகலில் ஒரு பழைய ஆசிரியையின் வீட்டில் இருக்கிறாள். முதல் மாதம் அழுதாள். நானும் பள்ளிக்கூடக் கிணற்றடியில் நின்று அழுதேன்.

வழக்கு அவனோடு பாலம் கடந்து போனது. அங்கேயும் ஏதோ ஒரு களவுக்குப் பொலிஸ் வந்து கேட்டதாம். மாமியார் படலையை விட்டு நகராமல், "என்ட மருமகன் விடியுமட்டும் எங்களோட வயல் வட்டையில காவல் இருந்தவர், வேணுமெண்டா வயல்காரர் எல்லாரையும் கூப்பிடுறன்," என்றாராம். முன்பு எங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வந்தபோதெல்லாம் நான் தேவைக்கு மேல் விளக்கம் சொல்லுவேன். அவனுக்காகப் படலையில் நிற்க என்னைவிடப் பலமான ஒருவர் கிடைத்ததை நினைத்து அன்று நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளையோடு அங்கே போனேன். நான் பழக்கத்தில் நேரே குசினிக்குப் போகப் பார்த்தேன். தம்பி வாசலில் மறித்தான்.

"எங்க போறீங்க? இது என்ட ஊடு. முதல்ல இரிங்க."

அவன் காட்டிய கதிரையில் இருந்தேன்.