திரும்பிப் பார்த்தால் அரையணா

சாவிக்கொத்து குலுங்காமலிருக்கக் கைக்குட்டையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு, செருப்பைக் கொல்லைக் கதவுக்கு வெளியிலேயே விட்டுவிட்டுத்தான் ஆம்ப்ரோஸ் மேஸ்திரி தையல் கூடத்துக்குள் நுழைவார். இருமல் வந்தால் ஒரு கிராம்பை வாயில் போட்டு அடக்கிக்கொள்வார். தும்மல் எல்லாம் வீட்டோடு சரி. மிஷின் வரிசைகளுக்குப் பின்னால் அவர் வருவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது, போவதும் தெரியாது.

மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஷஃபியுல்லா சாயபு நடத்துகிற கூடம் அது. பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைக்கிறார்கள். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. வெளிச்சம், தைக்கிறவர்களுக்கு எதிரே இருக்கும் தெரு வாசல் வழியாக மட்டும் வரும். ஆகையால் பின்னால் நிற்பவரின் நிழல்கூட முன்னால் விழாது.

தைக்கிற பெண்களுக்குச் சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சட்டைகள் கூடக் கூட மேஸ்திரிக்குச் சம்பளத்தோடு தனி இனாம். அந்த இனாமை நினைத்துத்தான் ஆம்ப்ரோஸ் ஒரு விதி சொன்னார். தைக்கும்போது தலையைத் திருப்பிப் பார்த்தால் அரையணா பிடித்தம்; அந்தக் காசு அவர் மேசைமேலிருக்கும் அபராத டப்பாவுக்குப் போகும்.

"பேசறதுக்கு அபராதம் போட்டா கண்ணால ஜாடை காட்டுவாளுங்க முதலாளி. திரும்பறதுக்குப் போடுங்க. பேச்சு தானா செத்துப் போவும்."

பேச்சு ஒரு வாரத்தில் செத்தது. அப்புறம் நடந்ததை அவரும் எதிர்பார்க்கவில்லை. யாரும் தாளம் கொடுக்காமலே எல்லா மிஷின்களும் ஒன்றுபோல ஓடத் தொடங்கின, ஒன்றுபோல நின்றன. சந்தில் போகிறவர்கள் உள்ளே ஒரே ஒரு பெரிய மிஷின் இருப்பதாக நினைத்தார்கள். சட்டைகள் குவிந்தன. சாயபு இனாமைக் குறைக்காமல் கொடுத்தார்.

சாப்பாட்டு வேளையில் கொல்லைக் கிணற்றடியில்தான் பெண்களுக்கு வாய் திறக்கும்.

"எனுக்குப் பிடரியில ஜில்லுனு ஒரு காத்து வரும்" என்றாள் சொர்ணம். "வந்தாக்கா, மேஸ்திரி நைனா நின்னுக்கினு கீறார்னு அர்த்தம்."

"ஒம் புருசன் பின்னால வந்து நின்னாகூட நீ இப்டி நடுங்க மாட்டேடி" என்றாள் தாயம்மா.

"அவன் வந்தா தெருக்கோடியிலயே சாராய நாத்தம் வந்துடுமே. திரும்பிப் பாக்கவே வாணாம்."

சிரித்தார்கள். உள்ளே போனதும் சிரிப்பு இருந்த சுவடுகூட முகங்களில் இருக்காது.

இந்த நடை ஆம்ப்ரோஸ் பிழைப்புக்காகப் பழகியதல்ல. சாந்தோமில் அவர் வீடு ஒரே அறை. மகன் ஜெரோம் இரண்டு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, காலடிச் சத்தத்துக்கெல்லாம் குழந்தை விழித்து அழுதது. அதற்காக, தரைக்கு வலிக்காமல் கால் வைக்கக் கற்றுக்கொண்டார். குழந்தை போய்விட்டது. நடை தங்கிவிட்டது. அவர் மனைவி பியாட்ரிஸ் அடுப்படியில் திடுக்கிட்டுக் கரண்டியைக் கீழே போடும்போதெல்லாம் சொல்வாள்: "மனுசன் மாதிரி சத்தம் போட்டு வாய்யா. இந்த வூட்ல இனிமே யாரு தூங்கறா?"

போன மாரியில் அவருக்கும் குளிர்காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. தேறி வேலைக்குப் போன அன்று காலையில், சொர்ணம் வந்து அவர் மேசைமேல் ஓர் அரையணாவை வைத்தாள்.

"இன்னாத்துக்கும்மா?"

"நேத்து மத்தியானம் திரும்பிட்டேன் நைனா. கூலியில புடிச்சிக்கினா என் புருசன் கணக்கு கேப்பான். அதான் கையில குடுத்துடறேன்."

"நேத்தா?"

"நீங்கதான் பாத்துட்டீங்களே. ஒண்ணும் பேசாம நின்னுக்கினு இருந்தீங்க."

அவள் பொய் சொல்கிறவள் அல்ல. பரிகாசமும் செய்யவில்லை. நேற்று மத்தியானம் பியாட்ரிஸ் அவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அதை ஆம்ப்ரோஸ் சொல்லியிருக்கலாம். ஆனால் காசை எடுத்து அபராத டப்பாவில் போட்டார். அது விழுந்த சத்தத்துக்கு யாரும் தலை நிமிரவில்லை.

சாயபு கணக்கைப் பார்த்ததில் அவருக்கு வேறொன்று தெரிந்தது.

"நீ இல்லாத வாரமும் சட்டை ஒண்ணுகூடக் குறையலே மேஸ்திரி. அப்போ உனக்கு எதுக்கு இனாம்?"

அன்றோடு இனாம் நின்றது.

அடுத்த மாதமே பட்டாளக் கிடங்கிலிருந்து வண்டி நிறையச் சட்டைகள் திரும்பி வந்தன. துணி வெட்டுகிறவன், வலதும் இடதுமாக வரும்படி மடிக்காமல் வெட்டியதில் எல்லாச் சட்டைக் கையும் இடக்கையாகிவிட்டது. அப்படியே வைத்துத் தைத்திருந்தார்கள். சாயபு ஒரு சட்டையை ஆணியில் மாட்டினார். அதன் வலது கை முறுக்கிக்கொண்டு பின்பக்கம் போயிற்று, தனக்குப் பின்னால் இருப்பது யாரென்று தடவிப் பார்ப்பதுபோல.

"இத்தினி பேர் தைச்சீங்க. ஒருத்தி கண்ணுலகூடவா படலே?"

"எல்லாருக்கும் தெரியும் சாயபு" என்றாள் தாயம்மா.

"தெரிஞ்சுமா சொல்லலே?"

"யாருகிட்ட சொல்றது? மேஸ்திரி பின்னாலல்ல நிக்கறாரு. சொல்லணும்னா திரும்பணுமே."

சாயபு கெட்டவரல்ல. அன்றே அபராத டப்பாவைத் தூக்கி வெளியே வைத்தார். கிடங்கு இன்னும் ஒரே ஒரு தவணைத் துணி கொடுத்திருக்கிறது. அதிலும் தப்பு வந்தால் கூடத்தை மூடவேண்டியதுதான் என்று ஒளிக்காமல் சொன்னார். இனி மேஸ்திரி வேலை கிடையாது. தானே வாசல் பக்கம் அவர்களுக்கு எதிரே உட்காரப்போவதாகவும் சொன்னார். தப்பைக் கண்டு சொல்கிறவருக்கு ஓரணா. தையல் தெரிந்தவர் என்பதால் ஆம்ப்ரோஸுக்குக் கடைசி வரிசையில் ஒரு மிஷின். மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலி.

ஆம்ப்ரோஸ் அதையும் ஏற்றுக்கொண்டார். கூடம் மூடினால் ஐம்பது வயதுக்கு மேல் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை.

முதல் நாள் முழுதும் ஓரணா வாங்க யாரும் வாய் திறக்கவில்லை. சாயபு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின்கள் பழையபடி ஒன்றுபோல ஓடின.

மறுநாள் மத்தியானம் ஆம்ப்ரோஸ் கைக்கு வந்த காலர் ஒரு பக்கம் அரை விரல் குட்டையாக இருந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் குட்டை. காலர் கட்டைப் பிரித்து விரித்தார். எல்லாமே அப்படித்தான். முன் வரிசையில் சொர்ணம் அதே காலரைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் தலை நிமிர்ந்தது. சாயபு எதிரே, கூப்பிடு தூரத்தில்கூட அல்ல, பேச்சுத் தூரத்தில் இருந்தார். அவரும் பார்த்துவிட்டார். பாதி எழுந்தேவிட்டார்.

"இன்னா மேஸ்திரி? சொல்லு."

ஆம்ப்ரோஸ் வாயைத் திறந்தார். பிடரியில் ஜில்லென்று ஒரு காற்று பட்டது. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை, சுவர்தான். சுவருக்கும் அவர் முக்காலிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"ஒண்ணுமில்ல முதலாளி."

குட்டைக் காலரை ஊசிக்குக் கீழே வைத்தார். பிறகு லேசாக எழுந்து, தலையைத் திருப்பாமல், முக்காலியைச் சத்தமில்லாமல் இன்னும் ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார், பின்னால் ஓர் ஆள் நிற்க வசதியாக.